ஓசூரிலிருந்து மதுரைக்கு ஒரு மணி பத்து நிமிடம்

பாகலூர் சாலையில் என் வீட்டுக்கு எதிரே ஒரு விளம்பரப் பலகை முளைத்திருக்கிறது. 'விமான நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்' என்று மஞ்சள் எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எந்த விமான நிலையம் என்று மனை விற்கும் தம்பியிடம் கேட்டேன்.

"வரப்போற ஏர்போர்ட்டு மேடம்."

"எங்க வருதுன்னு முடிவாயிடுச்சா?"

"அது இன்னும் ஆகல. ஆனா எங்க வந்தாலும் நம்ம லேஅவுட்டுக்குப் பத்து நிமிஷம்தான்."

சொல்லும்போது அவன் முகத்தில் சிரிப்புகூட இல்லை. நானும் அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை. பாவம், பிழைக்க வந்தவன். இவனைவிடப் பத்து மடங்கு படித்தவர்கள், இவனைவிடப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இதே பேச்சைப் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். கேட்டதோடு நிற்கவில்லை, அந்தப் பேச்சுக்கெல்லாம் டிக்கெட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் டிராவல் டெஸ்க் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். யார் எங்கே போனாலும் வண்டி, ரயில், விமானம், தங்கும் அறை எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். இப்போது ஆலையில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். மனிதவளப் பிரிவிலிருந்து இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்து, "சாந்தாக்கா, பஸ்ஸுல இருந்து ஃப்ளைட் வரைக்கும் நம்ம கம்பெனி எப்படி வளர்ந்துச்சுன்னு ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்க" என்றார்கள். எழுதுகிறேன். மலரில் போடுவார்களா என்பது அவர்கள் பாடு.

டைப்பிஸ்டாகத்தான் சேர்ந்தேன். டிராவல் டெஸ்க் பார்த்த மனிதர் திடீரென்று வேறு வேலைக்குப் போய்விட, அவருடைய மேசையையும் தொலைபேசியையும் என் பக்கம் தள்ளிவிட்டார்கள். கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. கேட்டு, திட்டு வாங்கி, இரண்டு மூன்று பேரைத் தவறான ரயிலில் ஏற்றி, ஒருவழியாகப் பிடிபட்டது. அப்போது பெங்களூரின் பழைய விமான நிலையம் ஊருக்குள்ளே, நம் பக்கமாக இருந்தது. ஜூஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகம், அப்புறம் கொஞ்ச நேரத்தில் விமானம். ஓசூர்க்காரனுக்கு விமானம் என்பதில் அன்று ஒரு நியாயம் இருந்தது.

பிறகு விமான நிலையத்தைத் தேவனஹள்ளிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெங்களூருக்குத் தெற்கே நாம், வடக்கே அது, நடுவில் மொத்தப் பெங்களூரும். இதைத் தலைமை அலுவலகத்தில் ஒருவரும் கவனிக்கவே இல்லை. அவர்கள் கணக்கில் நாங்கள் 'பெங்களூர் பிளான்ட்'. விமான நிலையமும் பெங்களூர். ஆக, இரண்டும் ஒரே இடம். நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சொந்தக்காரர்களிடம் 'பையன் பெங்களூர்ல இருக்கான்' என்றுதானே சொல்லிக்கொள்கிறோம்? ஓசூர் என்று சொன்னால் பெண் கொடுக்க மாட்டார்களாம். இப்படி நாமே அழித்துக்கொண்ட தூரத்தை அவர்கள் எங்கிருந்து கண்டுபிடிப்பார்கள்?

தலைமை அலுவலகத்திலிருந்து ஒருமுறை தணிக்கைக்காரர் ஒருவர் வந்தார். வேலை முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் எங்கள் இன்னொரு ஆலைக்குப் போக வேண்டும். காரில் போங்கள் சார், கிருஷ்ணகிரி, வேலூர், காஞ்சிபுரம் என்று ஒரே சாலை, சென்னைக்கு முன்னாலேயே உங்கள் ஆலை வந்துவிடும் என்றேன். அவர் என்னை மாட்டு வண்டி கொண்டுவந்து நிறுத்தியவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஃப்ளைட் டைம் ஃபிஃப்டி ஃபைவ் மினிட்ஸ் மேடம்" என்றார். சரி மகராசா என்று டிக்கெட் போட்டேன்.

அவர் கிளம்பிய அதே நேரத்தில், மாதிரிப் பாகங்கள் இருந்த ஒரு பெட்டியை ஏற்றிக்கொண்டு எங்கள் ஓட்டுநர் முனிராஜும் அதே ஆலைக்குக் கிளம்பினார். முனிராஜ் கெலமங்கலத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, வண்டியில் கன்னடம், எங்களிடம் தமிழ். தணிக்கைக்காரர் வடக்கே போய், விமானத்துக்குக் காத்திருந்து, தாம் போக வேண்டிய ஆலையின் தலைக்கு மேலேயே பறந்து, சென்னையில் இறங்கி, வந்த வழியிலேயே மேற்கே திரும்பி வந்து சேர்ந்தபோது முனிராஜ் அங்கே கேன்டீனில் கை கழுவிக்கொண்டிருந்தாராம். "எப்ப வந்தீங்க?" என்று அவர் கேட்க, இவர் "ரசம் நல்லா இருக்கு சார், போங்க" என்றாராம். அந்த மனிதர் இதனால் திருந்தினார் என்று நினைத்துவிட வேண்டாம். திரும்பிப் போவதற்கும் விமானம்தான் கேட்டார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கதை. சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது.

எனக்கு மேலே ஆலைப் பொறுப்பில் இருந்த ஒரு பிளான்ட் ஹெட்டுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் 'நிமிஷம் சார்'. எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் அவர் நிமிடத்தில்தான் திருப்பிச் சொல்வார். புனே என்றால் தொண்ணூறு, கோயம்புத்தூர் என்றால் அறுபது. அவர் அறையில் இந்திய வரைபடம் ஒன்று இருந்தது. அதில் பெங்களூரில் ஒரு சிவப்புக் குண்டூசி, அதிலிருந்து நாலா பக்கமும் நூல். ஒவ்வொரு நூலிலும் ஒரு நிமிடச் சீட்டு. ஓசூருக்கு அந்த வரைபடத்தில் குண்டூசி இல்லை. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். குரலை உயர்த்த மாட்டார், கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவார், எல்லோருக்கும் 'ப்ளீஸ்' போடுவார். ஆனால் அவருக்கு வீடு ஹெப்பால் தாண்டி, விமான நிலையத்துக்குப் பக்கத்தில். காலையில் நெரிசல் தொடங்கும் முன்பே ஊரைத் தாண்டி ஓசூர் வந்து இறங்குவார். விமான நிலையம் எவ்வளவு தூரம் என்றால் 'இருபது நிமிஷம்' என்பார். அவர் வீட்டிலிருந்து அது சரிதான். அவர் வீட்டிலிருந்து நாங்கள் யாரும் கிளம்புவதில்லையே!

அவர் வருவதற்கு முன்னால் எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. தொழிலாளி வீட்டில் துக்கம் என்றால் வண்டி முதலில், கையெழுத்து பிறகு. யார் அனுமதி, எத்தனை கிலோமீட்டர் என்றெல்லாம் கேட்பதில்லை. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் தெற்கத்திக்காரர்கள். ராத்திரி எந்நேரம் செய்தி வந்தாலும், சட்டை மாற்றி வருவதற்குள் வண்டி கேட்டில் நிற்கும். காகிதத்தை மறுநாள் நான் சரி செய்துகொள்வேன். நிமிஷம் சார் வந்து அதை 'முறைப்படுத்தினார்'. தொலைதூரப் பயணம் என்றால் விமானம் மட்டும்தான், ஆலை வண்டி விமான நிலையம் வரைதான், மாவட்டம் தாண்ட அவர் கையெழுத்து வேண்டும். பாதுகாப்புக்காகவாம்.

தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் இசக்கிமுத்து என்று ஒருவர். கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு கிராமம். வீட்டுக்கு மூத்த பிள்ளை. ஒரு சித்திரை மாதம், காலை ஷிஃப்டுக்கு வந்து மெஷினைப் போட்ட கொஞ்ச நேரத்தில் அவருக்குச் செய்தி வந்தது. நான் உள்ளே நுழையும்போது என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, எங்கய்யா போயிட்டாக."

அவர்கள் பக்கம் அப்பாவை அய்யா என்பார்கள். நான் தொலைபேசியை எடுப்பதற்குள் முனிராஜ் வண்டியை முன்வாசலில் கொண்டுவந்து நிறுத்திக் கதவையும் திறந்து வைத்துவிட்டார். பழைய வழக்கம் அவருக்கு மறக்கவில்லை.

"இப்பவே எடுத்தா சேலம், கரூர், மதுர, நேரா போயிடலாம்க்கா. பொழுது எறங்கறதுக்குள்ள ஊர்ல உட்ருவேன்" என்றார்.

கேட்டில் செக்யூரிட்டி விடவில்லை. சீட்டு வேண்டுமாம். பிளான்ட் ஹெட் வரும்வரை நின்றோம். அவர் ஒன்பது மணிக்கு வந்தார். செய்தியைக் கேட்டதும் இசக்கியின் கையைப் பிடித்துக்கொண்டார், நிஜமாகவே வருத்தப்பட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"ஃப்ளைட்ல அனுப்புங்க மேடம். மதுரைக்கு ஒன் ஹவர் டென் மினிட்ஸ்தான். இந்த நேரத்துல போய் எட்டு மணி நேரம் ரோட்ல அனுப்புவீங்களா?"

விமான நிலையம் போகவே மத்தியானம் ஆகிவிடும் சார், அங்கே முன்கூட்டியே போய் நிற்க வேண்டும், மதுரையில் இறங்கி மறுபடி இரண்டு மணி நேரம் காரில் போக வேண்டும், எல்லாம் சரியாக நடந்தாலும் மிச்சமாவது கொஞ்சம்தான், ஒன்று தப்பினால் எல்லாம் போச்சு என்று சொன்னேன். முனிராஜும் வாசலில் நின்றபடியே, "இன்னாத்துக்கு சார் வடக்கால போயி தெக்கால வரணும்?" என்றார். பிளான்ட் ஹெட் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துப் பொறுமையாகச் சிரித்தார்.

"நீங்க பழைய காலத்துலயே இருக்கீங்க. நம்ம தொழிலாளியும் ஃப்ளைட்ல போகட்டுமே."

இதற்கு மேல் என்ன பேசுவது? தொழிலாளி விமானத்தில் போவதைத் தடுக்கிற பொல்லாதவளாக என்னை ஆக்கிவிட்டார். இசக்கியைக் கேட்டேன். "சார் சொல்ற மாதிரி செய்ங்கக்கா, சீக்கிரம் போனாச் சரி" என்றார். அவருக்கு என்ன தெரியும்? விமானத்தை வானத்தில்தான் பார்த்திருக்கிறார்.

ஊரிலிருந்து அவருடைய தாய்மாமன் அழைத்தார். தொலைபேசியை பிளான்ட் ஹெட்டே வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, கம்பெனி சார்பில் வருத்தம் சொல்லிவிட்டு, "கவலைப்படாதீங்க. ஃப்ளைட்ல அனுப்பறோம். ஒரு மணி பத்து நிமிஷம்தான்" என்றார்.  மாமன், "பிளேன்லயா? சரிங்கய்யா. நீங்க நல்லா இருக்கணும்" என்றார். அந்தக் குரலில் இருந்த மரியாதை இன்னும் என் காதில் இருக்கிறது.

டிக்கெட்டைப் பதிந்து கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தேன். கிளம்புங்கள் என்று எழுந்தால், மனிதவளப் பிரிவிலிருந்து படம் எடுக்க ஒரு பெண் வந்துவிட்டார். நிர்வாகம் தொழிலாளியை விமானத்தில் அனுப்புவது இதுதான் முதல் முறையாம், மாதப் பத்திரிகையில் போட வேண்டுமாம். கறுப்பு வெள்ளைத் தாள் படத்தில் எடுபடாது என்று அடுத்த கட்டடத்துக்கு ஆள் அனுப்பி வண்ணத்தில் அச்செடுத்து வரச் செய்தார்கள். இசக்கியின் சட்டையில் கிரீஸ் இருந்தது. வேறு சட்டை கொண்டுவரச் சொன்னார்கள். "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்கண்ணா, டிக்கெட்ட நல்லாப் பிடிங்க" என்று அந்தப் பெண் சொல்ல, தகப்பனைப் பறிகொடுத்த மனிதர் டிக்கெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். பிளான்ட் ஹெட் அவர் தோளில் கை போட்டார். என் வாழ்நாளில் ஒரு கூட்டத்தைப் பார்த்து அவ்வளவு அருவருப்பு அடைந்ததில்லை. சிரிக்கச் சொல்லவில்லை, அந்த மட்டும் புண்ணியம்.

அத்திப்பள்ளி சுங்கச்சாவடி வரை சீராகப் போயிருக்கிறார்கள். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஒரு லாரி நின்றுபோய்விட்டது. சில்க் போர்டில் வழக்கமான கூத்து. முனிராஜ் அவ்வப்போது எனக்கு அழைத்துக்கொண்டே இருந்தார். ஹெப்பால் தாண்டியபோதே அவர் குரல் மாறிவிட்டது. கவுன்ட்டரில் போய் நின்றபோது மூடியாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். இசக்கி கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் வண்ண அச்சைக் காட்டி, எங்கய்யா செத்துப்போயிட்டாக என்று சொல்லியிருக்கிறார். விமானம் அங்கேதான் நிற்கிறது, கண்ணாடி வழியே தெரிகிறது. ஏறத்தான் முடியாது.

"ஆயித்துக்கா, ஃப்ளைட்டு போச்சு. நா இப்டியே ரோட்லயே கூட்டினு போய்டட்டா?" என்று முனிராஜ் கேட்டார். நான் பிளான்ட் ஹெட்டிடம் ஓடினேன். அவர் கூட்டத்தில் இருந்தார். வெளியே வந்து கேட்டார், யோசித்தார், கணினியைப் பார்த்தார்.

"சாயங்காலம் இன்னொரு ஃப்ளைட் இருக்கே. அதுவும் ஒன் ஹவர் டென் மினிட்ஸ்தானே?"

அன்று பிற்பகல் தாய்மாமன் எனக்கு அழைத்தார். "ஏம்மா, பயல எங்க வச்சிருக்கீக? பிளேன் எறங்கியாச்சா?" என்றார். சாயங்கால விமானத்தில்தான் ஏறுகிறார், ஊர் வந்து சேர ராத்திரி ஆகும், தயவு செய்து வைத்திருங்கள் என்றேன். அவர் அழுதுவிட்டார்.

"வச்சிருக்க முடியாது தாயி. வெயில் கொல்லுது. ஐஸ் பெட்டி வாசல் வரைக்கும் வந்துச்சு. பிளேன்ல வாரான், ஒரு மணி நேரத்துல வந்துருவான்னு அந்தய்யா சொன்னாருல்ல? பக்கத்தூருல ஒரு சாவு, அவுக கேட்டாக. நம்ம பய பிளேன்லல்லா வாரான், நமக்கு எதுக்குன்னு நாந்தான் அனுப்பிவிட்டேன்."

இதைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். பிள்ளை காரில் வருகிறான், சாயந்தரம் ஆகும் என்று சொல்லியிருந்தால் அந்தப் பெட்டியை வாங்கி உள்ளே வைத்திருப்பார்கள். பஸ்ஸில் வருகிறான், ராத்திரி ஆகும் என்றாலும் வைத்திருப்பார்கள். நடந்து வருகிறான் என்றால்கூட இரண்டு நாள் காத்திருக்கும் ஊர் அது. ஒரு மணி பத்து நிமிடம் என்ற அந்தப் பேச்சுதான் வாசலுக்கு வந்த பெட்டியைத் திருப்பி அனுப்பியது. நாங்கள் விமானத்தில் அனுப்பவில்லை, விமானம் என்ற வார்த்தையை மட்டும் அனுப்பினோம். அது சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

பொழுது சாயத் தூக்கிவிட்டார்கள். இசக்கியின் தம்பி கொள்ளி வைத்தார். மூத்த மகன் அப்போது தேவனஹள்ளியில் ஒரு பளபளப்பான நாற்காலியில், மடியில் டிக்கெட்டோடு உட்கார்ந்திருந்தார்.

காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு வேலைக்குத் திரும்பினார் இசக்கி. பிளான்ட் ஹெட் அவரைக் கூப்பிட்டு அனுப்பி, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா? ஃப்ளைட் வசதியா இருந்துச்சா?" என்று கேட்டார். "இருந்துச்சு சார்" என்றார் இசக்கி. அவர் யாரையும் எதற்கும் குறை சொல்லத் தெரியாத மனிதர். குறை சொல்லத் தெரிந்த நான் நடந்ததையெல்லாம் தட்டச்சு செய்து கொண்டுபோய்ப் பிளான்ட் ஹெட் மேசையில் வைத்தேன். படித்தார். "அன்ஃபார்ச்சுனேட்" என்றார். "டிராஃபிக்குக்கு நாம என்ன பண்ண முடியும் மேடம்?" என்றார். பயண விதி அப்படியே இருந்தது.

படம் மட்டும் பெரிதாகிவிட்டது. மாதப் பத்திரிகையில் வந்தது போதாதென்று, தலைமை அலுவலகத்துக்குப் போய், ஊழியர் நலனுக்காக எங்கள் ஆலைக்கு ஒரு கேடயமும் வாங்கிக்கொண்டு திரும்பியது. பிறகு கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். கீழே 'துயரிலும் துணை நிற்கும் நிர்வாகம். ஓசூர் – மதுரை: 70 நிமிடங்கள்' என்று எழுதியிருந்தது. ஷிஃப்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைத் தாண்டித்தான் விரல் ரேகை வைக்கப் போக வேண்டும். இசக்கியும்தான். அந்த இடம் வந்ததும் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நடப்பார். நிமிஷம் சார் பதவி உயர்வு பெற்றுப் போனார். படம் போகவில்லை. எடுத்துவிடச் சொல்லி இரண்டு முறை கேட்டேன். கேடயம் வாங்கிய படத்தை எப்படி எடுப்பது என்றார்கள்.

நான் ஓய்வு பெற்ற அன்று என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார்கள். வழக்கமாக எல்லோருக்கும் சுவர்க்கடிகாரம்தான். அந்தப் படத்தைக் கொடுங்கள் என்றேன். சாந்தாக்காவுக்குக் கம்பெனி மேல் எவ்வளவு பாசம் என்று நெகிழ்ந்துபோய், பளபளக் காகிதம் சுற்றி, மேடையில் வைத்துக் கொடுத்தார்கள். அந்த ஆணியில் இப்போது வரப்போகிற ஓசூர் விமான நிலையத்தின் மாதிரிப் படம் தொங்குகிறதாம். மலர் விஷயமாக வந்த பெண்கள் பெருமையாகச் சொன்னார்கள்.

மேடையிலிருந்து இறங்கி நேராகப் பிரஸ் ஷாப்புக்குப் போனேன். இசக்கி வெளியே வந்தார். உடைப்பதென்றால் உடையுங்கள், எரிப்பதென்றால் எரியுங்கள் என்று படத்தை அவர் கையில் கொடுத்தேன். காகிதத்தைப் பிரித்தார். இத்தனை வருடத்தில் அதை அவர் நேராகப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். தோளில் கிடந்த கையைப் பார்க்கவில்லை. டிக்கெட்டைப் பார்க்கவில்லை. கிரீஸ் படிந்த விரலால் படத்தின் ஓரத்தைத் தொட்டார். அங்கே வாசல் கண்ணாடிக்கு அப்பால் முனிராஜின் வண்டி, கதவு திறந்தபடி நின்றுகொண்டிருந்தது.

"வண்டி நின்னுக்கிட்டுத்தான இருந்திருக்குக்கா" என்றார்.  அப்புறம் சொன்னார்: "இந்தப் படம் பிடிக்கும்போது எங்கய்யா வீட்டுலதான் கெடந்தாக. மொகத்த மூடல."